பெரிய பட்டன்

வாடிக்கையாளர் தரப்பில் ஒருவர் எதிரே உட்காராமல் ஒரு பட்டன்கூடச் செய்யக் கூடாது என்பது டீம் லீடரின் வேதவாக்கு. மருந்துக் கடைகளுக்கான ஆப். இரண்டு வாரத்துக்கொரு டெமோ. இன்று ஆறாவது. வழக்கமாக வரும் அந்த மனிதர் இன்றும் டாணென்று வந்துவிட்டார்.

“வாங்க சார், காபி சாப்பிடுங்க!” புது மாப்பிள்ளையைப் போல் அவரை நடு நாற்காலியில் உட்காரவைத்தாள் லீடர். “புழுக்கத்துக்கு மன்னிச்சுக்குங்க. ஒவ்வொரு டெமோ அன்னிக்கும் ஏசி கம்பெனிக்கு போன் போட்டுக் கத்துறோம், ஒருத்தனும் எட்டிப் பாக்கல.”

அவர் வாயைத் திறப்பதற்குள் ஆப்பை நீட்டினாள். “எப்படி இருக்கு?”

“பட்டனை இன்னும் பெரிசாக்குங்க. கை அழுக்கா இருந்தா அமுக்க வராது.”

“பாத்தீங்களா? இதான் அனுபவம்!” டீம் விழுந்தடித்துக் குறித்துக்கொண்டது.

கதவைத் திறந்துகொண்டு, ஆப் செய்யச் சொன்ன மருந்துக் கடை முதலாளியம்மா வந்தார். “மூணு மாசமா கூப்பிடுவீங்கன்னு பாத்தேன். நானே வந்துட்டேன்.”

“உங்க ஆள்தான் ஒரு டெமோ விடாம வர்றாரே மேடம்!”

“எங்க ஆளா? நாங்க யாரையும் அனுப்பலையே!”

எல்லாக் கண்களும் நடு நாற்காலிக்குத் திரும்பின.

“நான் ஏசி ரிப்பேர் பாக்க வந்தவன் மேடம். ஒவ்வொரு தடவையும் வாசல்லயே புடிச்சு உட்கார வச்சுட்டீங்க.”

“முதல் நாளே சொல்லக் கூடாதா?” என்றாள் லீடர்.

“சொல்லத்தான் வாயெடுத்தேன். ‘நீங்க என்ன நினைக்கிறீங்க’ன்னு கேட்டீங்க. என் வீட்லகூட யாரும் அப்படிக் கேட்டதில்ல மேடம்.”

முதலாளியம்மா ஆப்பை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார். “நல்லாத்தானே இருக்கு! அடுத்த டெமோவுக்கும் இவரையே கூப்பிடுங்க.”

“வந்துடறேன்மா” என்றார் அவர், காலிக் கோப்பையை நீட்டியபடி. “ஏசிக்கு மட்டும் வேற ஆளைப் பாத்துக்குங்க.”