மஞ்சள் துணி

இலையின் அடியில் வெள்ளை ஈக்கள் குடும்பம் குட்டியோடு உட்கார்ந்திருந்தன.

பூதக்கண்ணாடியை நகர்த்தினேன். அடுத்த இலையிலும் அதே கதை.

சந்தைக் கத்தரியோடு காட்டுக் கத்தரியைக் கலந்து நான்கு வருடமாக நான் உருவாக்கிய செடிகள். காட்டுச் செடியின் இலை முழுக்கச் சுணை, மெல்லிய முடி. ஒவ்வொரு சுணையின் நுனியிலும் ஒரு பொட்டுப் பசை. வெள்ளை ஈ வந்து உட்கார்ந்தால் ஒட்டிக்கொண்டு அங்கேயே சாகும்.

அந்தப் பசை என் செடிக்கும் வந்துவிட்டது என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை என் வரிசையிலும், ஒப்பிட வைத்திருந்த சந்தைக் கத்தரி வரிசையிலும் ஈக்களைத் திறந்துவிட்டேன். இன்று வெள்ளி. பன்னிரண்டு மணிக்கு ஆய்வு நிலைய இயக்குநர் வருவார். ஈ உயிரோடு இருந்தால் செடிகளைப் பிடுங்கி எரித்துவிடுவது என்று பேச்சு.

பின்னால் ‘பளபள’ அண்ணன் வாளியோடு நின்றார். செடிகள் வளரும் கண்ணாடிக்கூடத்தைப் பராமரிப்பவர். கதவு, குழாய், தொட்டி என்று கைக்கு எட்டியதையெல்லாம் துடைத்துத் துடைத்தே வாங்கிய பெயர். முழங்கை வரை சொறிந்துகொண்டிருந்தார்.

எனக்கு அழுகை முட்டியது. அதை மறைக்க, கையில் என்ன என்று கேட்டேன்.

“சுணை அரிப்பும்மா. பெரிய ஐயா வர்றாரேன்னு திங்கக்கிழமையே இலையெல்லாம் ஈரத்துணியால துடைச்சேன். உங்க வரிசைதான் ஒரே பிசுபிசுப்பு. இப்ப எப்படி மின்னுது பாருங்க!”

அவர் கழுத்தை நெரித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. நான்கு வருட உழைப்பைத் துடைத்து எடுத்துவிட்டு மனிதர் சிரிக்கிறார்.

“அந்தத் துணிதான் நாறிப்போச்சு, அலசிடறேன்” என்று துணி காயும் கொடிப் பக்கம் கையை நீட்டினார்.

கொடியில் இரண்டு மஞ்சள் துணிகள். வரிசைக்கு ஒரு துணி, அது அவர் கணக்கு. மஞ்சளைக் கண்டால் வெள்ளை ஈ சும்மா போகாது. சந்தைக் கத்தரியைத் துடைத்த துணியில் ஒன்றுகூட இல்லை.

என் செடிகளைத் துடைத்த துணியில் உப்பு தூவினாற்போல நூற்றுக்கணக்கான ஈக்கள். எல்லாம் ஒட்டிக்கொண்டு செத்திருந்தன.

பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன்.

இயக்குநர் வந்ததும் செடிகளைக் காட்டவில்லை. இரண்டு துணிகளையும் மேசையில் விரித்தேன். பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். புது இலை விரிய எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்.

பளபள அண்ணன் மட்டும் மானம் போனவராக மூலையில் நின்றார். இத்தனை துடைத்து வைத்தும், அழுக்குத் துணியைப் போய்க் காட்டுகிறேனாம்.