சாம்பார் சிந்தாத சைக்கிள்

"இதும் சரிப்படலையா? நீங்க சைக்கிள் எடுக்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?"

கமலாக்ஷி கையில் ஸ்பேனரோடு கேட்டாள். மலையாள ஊரான மட்டாஞ்சேரியின் கடைத்தெருவில் அப்பா விட்டுப்போன சைக்கிள் கடையை நாலு வருஷமாக ஒற்றை ஆளாய் நடத்துகிறவள். அவள் கையில் ஸ்பேனர் இருக்கும்போது யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள்.

செல்லப்பாவும் கொடுக்கவில்லை. வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, வேட்டியில் தெறித்திருந்த சாம்பாரைத் துடைத்துக்கொண்டான்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். தமிழ் ஓட்டல் ஒன்றில் வேலை. மத்தியானம் மிளகு வியாபாரிகளின் ஆபீஸ்களுக்குச் சாப்பாடு கொண்டு போக வேண்டும். ஹேண்டிலில் இரண்டு தூக்குவாளி, பின்னால் ஒரு கூடை சோறு, கீழே முழுக்கப் பள்ளம். அதற்குத் தோதான வண்டியாகப் பார்த்து எடுக்கும்படி முதலாளி சொல்லியிருந்தார்.

கமலாக்ஷி கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வாரம் வாடகைக்கு ஓட்டிப் பார்க்கலாம், பிடித்தால் எடுத்துக்கொள்ளலாம். செல்லப்பா நாலு வாரமாக ஓட்டிப் பார்க்கிறான்.

"முதல்ல டபுள் பார் வண்டி தந்தேன். மூட்டை தூக்குற வண்டி. அதுக்கு எந்தா கேடு?"

"காத்து நிக்கல."

"ரெண்டாவது, வளைஞ்ச ஹேண்டில் வச்ச ஸ்போர்ட்ஸ் வண்டி. பறக்கும்."

"குனிஞ்சு ஓட்டினா சாம்பாரும் கூடப் பறக்குது. பிரேக்கும் பிடிக்கல."

"மூணாவது, தடிச்ச டயர். பள்ளத்துல ஆடாது."

"ஆடல. ஜூ டவுன் தெரு நடுவுல செயின் கழண்டுச்சு. ரசம் பூரா ரோட்டுல."

"இது?"

"இதுலயும் செயின்தான்."

"வண்டிக்குக் கொறை இல்ல. ஓட்டுற ஆளுக்குத்தான். எருமை குளத்துக்கு எறங்குற மாதிரி ஓட்டினா எந்தச் செயின் நிக்கும்?" என்றவள், வழக்கம்போல எதிர் டீக்கடைக்குக் குரல் கொடுத்தாள். "சேட்டா, ரெண்டு சாயா!"

செல்லப்பா ஸ்டூலில் உட்கார்ந்தான். அவளை அக்கா என்று கூப்பிட அவனுக்கு மனம் வரவில்லை, பேர் சொல்லிக் கூப்பிடத் தைரியமும் இல்லை. நாலு வாரமாக 'இங்க பாருங்க' என்றே காலத்தை ஓட்டினான்.

"இங்க பாருங்க, முதலாளி கண்டிசனாச் சொல்லிட்டார். இன்னைக்கே வண்டி முடிவாகணுமாம். இல்லன்னா நாளையில இருந்து அவரு மச்சினன் சாப்பாடு கொண்டு போவான். நான் உள்ள உக்காந்து மாவாட்டணும்."

கமலாக்ஷியின் முகத்தில் இருந்த சிரிப்பு சட்டென்று போய்விட்டது.

மாவாட்டுவது செல்லப்பாவுக்குப் பெரிய கஷ்டமில்லை. மாவாட்டப் போனால் பகலில் வெளியே தலை காட்ட முடியாது. வண்டி எடுத்துவிட்டாலோ, இந்தக் கடைக்கு வர ஒரு சாக்கும் கிடையாது. எப்படிப் பார்த்தாலும் இன்றைக்குக் குடிப்பதுதான் கடைசி சாயா.

கமலாக்ஷி உள்ளே போய் ஒரு கறுப்பு வண்டியை உருட்டிக்கொண்டு வந்தாள். உயரமான ஹேண்டில், அகலமான சீட், அதற்கடியில் கனமான ஸ்பிரிங்.

"நிமிந்து உக்காந்து நிதானமா ஓட்டுற ஆளுக்கு இதுதான் வண்டி. ஒரு தூக்குவாளி நெறையத் தண்ணி தொங்கவிட்டு, தோப்பும்படி ஜங்ஷன் வரைக்கும் நானே போய் வந்தேன். ஒரு சொட்டு சிந்தல."

"எப்போ?"

"போன மாசம்."

"போன மாசமேவா? அப்ப ஏன் இதை முதல்லயே தரல?"

"கேள்வி கேக்காம வண்டியப் பாருங்க. இதுலயும் ஒரு கொறை சொன்னீங்கன்னா, நீங்க நடந்தே போயிக்கலாம்."

செல்லப்பா வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். டயரை அழுத்தினான். பிரேக்கைப் பிடித்தான். பெல்லைக்கூட அடித்துப் பார்த்தான். அது கணீரென்று கேட்டது. இவ்வளவு நல்ல வண்டியைப் பார்த்து இவ்வளவு வருத்தப்பட்ட ஆள் அந்தத் தெருவிலேயே இருந்திருக்க மாட்டான்.

"கொறை ஒண்ணும் இல்ல" என்றான், குரலே எழும்பாமல்.

"அப்போ எடுத்துக்கங்க."

"எடுத்துக்கிறேன். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும். நீங்க ஸ்பேனரைக் கீழ வச்சா நல்லது."

அவள் வைக்கவில்லை.

"அந்த டபுள் பார் வண்டியில காத்து நிக்காம இல்ல. வால்வு டியூபைப் புடுங்கி எறிஞ்சது நான். ஸ்போர்ட்ஸ் வண்டியில பிரேக் கட்டையத் தளத்துனதும் நான்தான்."

"எதுக்கு?"

"வண்டி நல்லா ஓடுனா நான் எதுக்கு இங்க வரணும்?"

கமலாக்ஷி திரும்பி நின்று, துடைத்த ஸ்பேனரையே மறுபடி துடைத்தாள். நாலு வாரம் கிடைத்த சாயாவையும் கெடுத்துக்கொண்டோமே என்று செல்லப்பா தன்னையே நொந்துகொண்டான்.

"கோவம்னா நாலு வார்த்தை திட்டிருங்க. வாங்கிக்கிறேன். ஆனா ஒண்ணு, அந்த ரெண்டு வண்டிச் செயினையும் நான் தொடவே இல்ல. சத்தியமா அது எப்படிக் கழண்டுச்சுன்னு எனக்கு இப்பவும் தெரியல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் கமலாக்ஷி, அவன் பக்கம் திரும்பாமலே. "ரெண்டையும் தளத்தி விட்டு அனுப்புனது நானாக்கும்!"