நாலு பேர்

“அளவு தெரியாம நான் துணியிலகூடக் கத்திரி வைக்கமாட்டேன். சினைப்பையில கேன்சர், ஆபரேஷன்தான்னுட்டீங்க. பூசி மெழுகாமச் சொல்லுங்க டாக்டரம்மா, இதைப் பண்ணிக்கிட்டு யாராவது செத்திருக்காங்களா?” என்றாள் தையல்காரி.

டாக்டர் பேனாவை மூடினார்.

“என் கையில நாலு பேர். கடைசியா ஒரு டீச்சர். ஒன்பதாம் நாள், கால்ல உறைஞ்ச ரத்தம் நுரையீரலை அடைச்சிடுச்சு. முந்தின நாளே கால் வலின்னாங்க. நான்தான் சாதாரணமா எடுத்துக்கிட்டேன். அதுலேர்ந்து தினமும் எல்லார் காலையும் நானே தொட்டுப் பார்க்கறேன்.”

தையல்காரி எழுந்தாள். இனி இந்தப் பக்கமே வரமாட்டாள் என்று நினைத்தார் டாக்டர்.

“தேதி குடுங்க.”

“இவ்வளவு கேட்டுமா? யாரும்மா உங்களை இங்க அனுப்பினது?”

“அந்த டீச்சரோட வீட்டுக்காரர்தான். ‘என்கிட்ட மறைக்கல, உன்கிட்டயும் மறைக்கலேன்னா அங்கேயே பண்ணிக்கம்மா’ன்னாரு.”