வானத்துத் தாசில்தார்

வறட்சி நிவாரணத்தை இப்போதெல்லாம் செயற்கைக்கோள்தான் முடிவு செய்கிறது. லஞ்சம் வாங்காது, டீ கூடக் கேட்காது என்பதால் கருவக்குடிக்காரர்கள் அதற்கு வானத்துத் தாசில்தார் என்று பெயர் வைத்திருந்தார்கள். அதற்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு வயல் பச்சையாகத் தெரிந்தாலும் அந்த ஊரில் வறட்சி இல்லை.

இந்த வருடம் அப்படித் தெரிந்தது பூமயிலின் அரை ஏக்கர் நெல். கிணற்றின் அடியில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து அவள் காப்பாற்றியது.

பஞ்சாயத்துத் தலைவர் சேதுராசு ஊரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"ஒன் ஒருத்தி வயலால ஊருக்கே பணம் நின்னுபோச்சு தங்கச்சி. அழிச்சிரு. நிவாரணம் வந்தா ஒனக்கும் சேத்துத்தான வரும்?"

"கதிரு வர்ற நேரத்துல எப்பிடிண்ணே மனசு வரும்?"

"நீ ஒன்னும் செய்ய வேணாம். என் ஆட்டப் பத்திவிடுறேன்."

ஊரே அவள் முகத்தைப் பார்த்தது. பூமயில் படலைத் திறந்துவிட்டாள். பொழுது சாய்வதற்குள் ஆடுகள் வேலையை முடித்தன.

மறுநாள் மற்ற எல்லார் கணக்கிலும் நிவாரணம் விழுந்தது. பூமயிலின் செல்போன் மட்டும் நிதானமாகப் பேசியது: "உங்கள் பயிர் வறட்சியால் அழியவில்லை. ஆடு மேய்ந்து அழிந்தது. ஆட்டின் உரிமையாளரிடம் இழப்பீடு பெற்றுக்கொள்ளவும்."

அவள் செல்போனோடு சேதுராசின் ஆட்டுப்பட்டிக்குப் போனாள். கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"அது கெடக்கு. மேல இருக்கவனுக்கு ஆடு யாருதுன்னு தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியும்ண்ணே" என்ற பூமயில், இருப்பதிலேயே கொழுத்த கிடாயைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.