கம்பளிக்குள் ஒரு சாவி

டர்பன் நகரத் தெருக்களில் படுத்துறங்குபவர்களின் பாட்டுக்குழு அது. ஒத்திகைக்கு முன்னால் எல்லோரும் தங்கள் கம்பளிச் சுருட்டுகளை மாதாகோவில் கூடத்தின் சுவரோரம் அடுக்குவார்கள். பாட்டை நடத்தும் ஸோட்வாவும் அப்படித்தான். அவள் கம்பளியும் அங்கேதான் கிடக்கும்.

அன்று கட்டைக்குரல்காரர் வெலாபியின் சுருட்டு அவிழ்ந்து, உள்ளிருந்து ஒரு சாவி விழுந்தது. ஸோட்வா அவரைத் தனியே இழுத்துப் போனாள்.

“யாரோட சாவி அண்ணே? பாதிரியார் நேத்துதான் பீரோ சாவியக் காணோம்னு கத்தினாரு.”

“அது இல்லம்மா, சத்தியமா.”

“அப்ப யார் வீட்டுல கை வெச்சீங்க?”

வெலாபி தலையைக் குனிந்துகொண்டார். “என்னோடதுதான். போன மாசம் நகராட்சில ஒரு ரூம் குடுத்தாங்க.”

“அட மனுஷா! அப்புறம் எதுக்கு இந்த நாத்தக் கம்பளியச் சுமந்துக்கிட்டு வரீங்க?”

“வீடில்லாதவங்களுக்கு மட்டும்தான் இந்தப் பாட்டுன்னு பாதிரியார் சொல்லியிருக்காரே. ரூம்ல நான் பாடினா கூடப் பாட யாரு இருக்கா? அனுப்பறதுன்னா அனுப்பிடு. ஆனா ஞாயித்துக்கிழமை பாட்டு முடிஞ்சப்புறம் அனுப்பு.”

ஸோட்வா சுவரோரம் போய்த் தன் கம்பளியை எடுத்துவந்து, அதன் முனையில் போட்டிருந்த முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு சாவி இருந்தது.

“எனக்கு ரெண்டு வருஷமாச்சு,” என்றாள் மெதுவாக. “பாடறதுக்குத் தவிர வாயத் திறந்துடாதீங்க அண்ணே!”