கல் பங்களாவில் ஒரு மன்னிப்பு

“மேடைக்கு வரமாட்டேன்னா என்ன அர்த்தம்? லண்டன்லேருந்து அந்தப் புள்ள மன்னிப்புக் கேக்கணும்னே வந்திருக்கு. வீராப்பு காட்டாத இருசம்மா” என்றார் ஊராட்சித் தலைவர் வைத்திலிங்கம்.

இருசம்மாள் வேப்பமரத்தடியை விட்டு நகரவில்லை.

வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார என்ஜினீயர் குடியிருந்த கல் பங்களா அது. இடிந்து கிடந்ததைப் பழுதுபார்த்து, ஊரார் பார்க்க அன்றுதான் திறந்தார்கள்.

வெள்ளைக்காரர் காலத்தில், ஒரு கோடையில், பங்களாக் கிணற்றில் ஒரு குடம் தண்ணீர் மொண்டதற்காக இருசம்மாளின் தாத்தா மதுரைவீரனை வாசல் தூணில் கட்டிவைத்துச் சாட்டையால் அடித்தார்கள். அதன்பிறகு அவர் நிமிர்ந்து நடக்கவேயில்லை.

மைக்கைப் பிடித்த வைத்திலிங்கம், “அந்தக் காலத்துல துரைக்கு எல்லாமே எங்க தாத்தாதான். அவரு இல்லாம இந்த பங்களாவுல ஒரு வேலையும் நடக்காது” என்று பெருமையாகப் பேசி முடித்தார்.

அடுத்துப் பேசவேண்டிய எட்வின், துரையின் கொள்ளுப்பேரன், மைக்கைத் தொடவில்லை. மேடையிலிருந்து இறங்கி நேராக வேப்பமரத்தடிக்கு வந்தான். முகம் சிவந்து கிடந்தது.

“என் கொள்ளுத்தாத்தா உத்தரவு போட்டார். எனக்கு வெட்கமாக இருக்கிறது. மன்னித்துவிடுங்கள்” என்று மனப்பாடம் செய்துவந்த தமிழைத் தடுமாறிச் சொல்லிவிட்டு, அவள் முன்னால் மண்டியிட்டான்.

இருசம்மாள் பதறிப்போய் அவன் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

“எந்திரி ராசா. நீ என்ன பண்ணுவ? உம்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.”

அவனுக்குப் பேச்சு புரியவில்லை. ஆனால், அவள் பிடித்த பிடியில் குலுங்கி அழுதுவிட்டான். கூட்டம் கை தட்டியது.

வைத்திலிங்கமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சால்வையோடு வந்தார்.

“மனசு ஆறிடுச்சுல்ல? வா, மேடையில வச்சு என் கையால போத்துறேன். போட்டோ எடுக்கணும்.”

“வேண்டாம் தலைவரே.”

“அவன்தான் மன்னிப்புக் கேட்டுட்டானே. இன்னும் என்ன கோவம்?”

“துரை உத்தரவு மட்டுந்தான் போட்டாருன்னு எங்கப்பா சொல்லும்” என்றாள் இருசம்மாள்.

வைத்திலிங்கம் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். அவள் அடுத்துச் சொல்லப்போவது என்னவென்று அவருக்கும் தெரியும்.

“அடிச்சது உங்க தாத்தா. நீங்க எப்பங்க கேப்பீங்க?”