பெரிய வட்டம்

"மூலிகை ஆராய்ச்சி பண்றவளே மருந்துக் கடையில போய் மாத்திரை வாங்கினா, நம்ம மருந்தை எவன் வாங்குவான்?"

முதலாளி கேட்டது மச்சினியிடம். அவர் மனைவியின் தங்கை அவள். மாத்திரை அட்டையோடு ஆய்வு அறைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றாள்.

"தொண்டை வலியா? நம்ம கஷாயத்தை ரெண்டு மடக்கு குடிக்க வேண்டியதுதானே! குடிக்க மாட்ட. படிச்ச திமிரு."

"இல்ல அத்தான், இது வந்து..."

"எதிர்த்துப் பேசாத. உங்க அக்கா மூக்கைச் சிந்தினாளேன்னு இந்த அறையைக் கட்டிக் கொடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

அவள் அட்டையை வெள்ளைக் கோட்டின் பைக்குள் போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

சண்டை ஒரே ஒரு செடியால் வந்தது. முதலாளி அதன் இலையை அண்டாவில் போட்டு, அடுப்பு அலுத்துப்போகும்வரை கொதிக்க வைப்பார். மச்சினியோ நிழலில் உலர்த்தி, பொடித்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வடிகட்டி, இளஞ்சூட்டில் வற்றவிடுவாள். கடைசியில் கண்ணாடிக் குடுவையின் அடியில் கொஞ்சம் பச்சைப் பிசின் ஒட்டிக்கொண்டிருக்கும்.

"ஒரு மூட்டை இலைக்கு ஒரு சிட்டிகை! இதுக்கு ஒரு பட்டம் வேற," என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

மறுநாள் பெரிய மருந்துக் கம்பெனியிலிருந்து ஓர் அம்மாள் வருவதாக இருந்தது. எந்தச் சாறு கிருமியைக் கொல்கிறதோ அதை வாங்கிக்கொள்வார்கள். மச்சினியுடையது தோற்றால் அவள் வீட்டுக்குப் போய்விட வேண்டும், ஆய்வு அறையில் பொட்டலம் கட்டுவார்கள். நிபந்தனை முதலாளி போட்டது.

சோதனை எளிதுதான். கிருமி பரப்பிய கண்ணாடித் தட்டின் நடுவே, சாற்றில் நனைத்த காகிதப் பொட்டு ஒன்றை வைத்து, ராத்திரி முழுக்கச் சூட்டுப் பெட்டியில் விடுவார்கள். சாறு வேலை செய்தால் பொட்டைச் சுற்றிக் கிருமி செத்து, தெளிவாக ஒரு வட்டம் விழும்.

காலையில் மச்சினி வருவதற்கு முன்பே முதலாளி வந்து சூட்டுப் பெட்டியைத் திறந்தார். உள்ளே மூன்று தட்டுகள் இருந்தன. ஒரு மூடியில் அவர் பெயர், அவரே ஒட்டிய தங்க நிற ஸ்டிக்கரில். இன்னொன்றில் மச்சினியின் பெயர். மூன்றாவது மூடியில் ஒன்றுமில்லை.

'எனக்கு ஒண்ணு, அவளுக்கு ரெண்டா? ஒண்ணு சொதப்பினா இன்னொண்ணைக் காட்டிக்கலாம்னு கணக்கு. கள்ளி!'

ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். அவருடைய தட்டில் கிருமிகள் ஓரம்வரை வெள்ளை வெளேரென்று மண்டிக் கிடந்தன, கஷாயம் குடித்து உடம்பு தேறியதுபோல. மச்சினியின் தட்டில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம். மூன்றாவதில், அடேயப்பா, எலுமிச்சம்பழ அகலத்துக்கு!

தங்க ஸ்டிக்கர் மூடி மூன்றாவது தட்டுக்குப் போனது. வெறும் மூடி அவருடைய தட்டுக்கு வந்தது. அதற்குப் படிப்பு ஒன்றும் தேவைப்படவில்லை.

கம்பெனி அம்மாள் வந்ததும் முதலாளி பெரிய வட்டத்தை உள்ளங்கையில் ஏந்தி நின்றார்.

"பாருங்கம்மா, இது எங்க அண்டா முறை. அந்தப் பக்கம் பாருங்க, பட்டதாரி முறை. பொத்தான் தைக்கலாம்!"

அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பொத்தானையே பார்த்தார். "முதல் வடிப்புலயே வட்டம் விழுந்திருக்கே. நல்ல வேலைம்மா."

"பெருசை விட்டுட்டுச் சிறுசைப் பாக்குறீங்களே!"

"பெருசுக்கும் வர்றேன், இருங்க." மச்சினியிடம் திரும்பினார். "கிருமியைக் கண்டிப்பாக் கொல்லும்னு தெரிஞ்ச கடை மருந்தை ஒரு தட்டுல வச்சிருப்பியே, ஒப்பிட்டுப் பாக்க. அது எங்க?"

மச்சினி பெயரில்லாத மூடியைத் திறந்தாள். உள்ளே ஓரம்வரை வெள்ளை. ஒரு கணம் விழித்தாள். பிறகு அத்தானின் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"மூடி மாறிப்போகும்னு நான் தட்டோட அடியிலயும் எழுதி வைப்பேங்க."

அந்த அம்மாள் குனிந்து, முதலாளியின் கையிலிருந்த தட்டை இரண்டு விரலால் தூக்கி அடிப்பக்கத்தைப் படித்தார். வந்த சிரிப்பை இருமலாக்கிக்கொண்டு, தட்டைத் திரும்ப அவர் கையிலேயே வைத்தார்.

"என்ன எழுதியிருக்கு?" என்றார் முதலாளி. குரல் பொத்தான் அளவுக்குச் சுருங்கியிருந்தது.

"எனக்குத் தொண்டை வலியே இல்ல அத்தான்," என்றாள் மச்சினி. "அந்த மாத்திரை, நீங்க வச்சிருக்கிற தட்டுக்கு."

முதலாளி தட்டை மேசையில் வைத்தார். தன் பெயர் ஒட்டிய மூடியை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே போனார்.